எகிப்தின் இளவரசனும் திக்குவாய் மோசேயும்

2025 ஏப்ரல் 5

வாசகர் ஒருவரின் கேள்வி: "நடிகர் வால் கில்மர் இறந்த செய்தியைப் பார்த்தபிறகு, அவர் மோசேக்குக் குரல் கொடுத்த 'தி பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்' அனிமேஷன் படத்தை வீட்டில் போட்டோம். நாணற்பெட்டியிலிருந்து குழந்தையை எடுத்து வளர்ப்பது பார்வோனின் குமாரத்தி என்று பைபிளின் யாத்திராகமம் 2-ஆம் அதிகாரம் சொல்கிறது. படத்தில் பார்வோனின் மனைவி எடுக்கிறாள். தொடக்கத்திலேயே தவறு. இதை வேதக்கதை என்று பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது?"

ஏப்ரல் 5, இரவு

தெரியாமல் நேர்ந்த பிழை என்று எனக்குத் தோன்றவில்லை. பெட்டியை எடுப்பவள் பார்வோனின் மகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளுடன் பிறந்தவன் அடுத்த பார்வோன் ஆகும்போது மோசே அவனுக்கு மருமகன் முறை. எடுப்பவள் பார்வோனின் மனைவி என்றால் இருவரும் அண்ணன் தம்பி. படம் மொத்தமும் இந்த முறைமாற்றத்தின் மேல்தான் நிற்கிறது.

அதை எவ்வளவு அழகாகக் கட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். முதலில் இரண்டு இளவரசர்களும் ரதத்தில் பந்தயம் விட்டு, சாரத்தை இடித்து, ஸ்பிங்ஸ் சிலையின் மூக்கை உடைக்கிறார்கள். அப்பா சேத்தி பெரியவன் ராம்சேஸைத்தான் திட்டுகிறார். சங்கிலியில் ஒரு கண்ணி பலவீனமாக இருந்தால் போதும், ஒரு பெரிய ராஜவம்சமே அறுந்துபோகும் என்கிறார். அந்தப் பையனின் முகம் அப்போது சுருங்குவதை நான் ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். பிற்பாடு எகிப்தின்மேல் தண்டனையாக எத்தனை வாதை வந்தாலும் அடிமைகளான இஸ்ரவேல் ஜனங்களை விடமாட்டேன் என்று அவன் நிற்பது அந்த ஒரு சொல்லால்தான். பலவீனமான கண்ணி என்ற பெயர் தனக்கு வந்துவிடக்கூடாது.

படம் தொடங்கும் முன்பே, கலைக்காக உரிமை எடுத்துக்கொண்டோம், மூலக்கதை யாத்திராகமத்தில் இருக்கிறது என்று எழுத்தில் போட்டுவிடுகிறார்கள். மூன்று மதங்களைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான அறிஞர்களிடம் கேட்டு எடுத்த படம் அது. ஆகவே தெரிந்தே மாற்றியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்குத் தாராளமாகக் காட்டலாம் என்பது என் கருத்து.

ஒன்றுதான் எனக்கு ஒப்பவில்லை. வேதத்தில் கர்த்தரே பார்வோனின் இருதயத்தைக் கடினப்படுத்துகிறார். படம் அந்தப் பக்கமே போகவில்லை.

ஏப்ரல் 6

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. யாத்திராகமத்தில் பார்வோனுக்குப் பெயரே கிடையாது. ராமசேஸ் என்று வருவது ஊர்ப்பெயர். இஸ்ரவேலர் பித்தோம், ராமசேஸ் என்ற இரண்டு பண்டசாலைப் பட்டணங்களைக் கட்டினார்கள் என்று முதல் அதிகாரம் சொல்கிறது. அதை வைத்துத்தான் அவன் இரண்டாம் ராம்சேஸாக இருக்கலாம் என்று பலர் ஊகிக்கிறார்கள். படமும் அந்த ஊகத்தின்மேல் போகிறது.

அதே முதல் அதிகாரத்தில் இரண்டு மருத்துவச்சிகளுக்குப் பெயர் இருக்கிறது. சிப்பிராள், பூவாள். ஆண்பிள்ளை பிறந்தால் கொன்றுபோடுங்கள் என்று ராஜா சொல்ல, அவர்கள் கொல்லாமல் விட்ட பெண்கள். ராஜாவின் பெயரை எழுதாத கை, பிரசவம் பார்த்த இரண்டு பெண்களின் பெயரை எழுதி வைத்திருக்கிறது. சிறுவயதில் அம்மா இந்த இடத்தை வாசிக்கும்போது அந்தப் பெயர்களை மட்டும் நிறுத்தி, அழுத்திச் சொல்லுவார். படத்தில் அவர்கள் இல்லை. எனக்கு அது குறைதான்.

ஏப்ரல் 8

நாகூரிலிருந்து ஒரு சகோதரர் எழுதியதை அப்படியே போடுகிறேன்: "எங்கள் வேதத்தில் மூஸா நபியை ஆற்றிலிருந்து எடுத்தபோது, 'இவனைக் கொல்லாதீர்கள், நமக்குக் கண்குளிர்ச்சியாக இருப்பான், மகனாக வைத்துக்கொள்ளலாம்' என்று சொல்வது ஃபிர்அவ்னின் மனைவிதான். நீங்கள் மாற்றம் என்று சொல்வது எங்களுக்கு மூலம்."

குர்ஆனின் தமிழாக்கத்தை வாங்கிப் பார்த்தேன். அல்கஸஸ் என்ற 28-ஆம் அத்தியாயம், ஒன்பதாம் வசனம். அவர் சொன்னபடியே இருக்கிறது. அப்படியே கீழே படித்துக்கொண்டு போனால் இன்னொன்றும் கிடைத்தது. யாத்திராகமத்தில் மோசே அங்குமிங்கும் பார்த்து, ஒருவரும் இல்லை என்று அறிந்தபிறகு எகிப்தியனை வெட்டி மணலில் புதைக்கிறான். குர்ஆனில் ஒரு குத்து விடுகிறார், ஆள் இறந்துபோகிறான், உடனே இறைவனிடம் மன்னிப்புக் கேட்கிறார். படத்தில் கிழவன் ஒருவனைச் சவுக்கால் அடிக்கும் காவலனை மோசே பிடித்துத் தள்ள, அவன் சாரத்திலிருந்து விழுந்து சாகிறான். கொல்லும் எண்ணம் மோசேக்கு இல்லை. இந்த இடத்திலும் படம் குர்ஆனுக்கு ஒரு எட்டு பக்கத்தில் நிற்கிறது.

இவ்வளவு இருந்தும் மலேசியாவிலும் மாலத்தீவிலும் இந்தப் படத்தைத் திரையிட விடவில்லை. நபிமார்களை உருவமாகக் காட்டக்கூடாது என்பது காரணம். சகோதரரிடம் நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்க்கவில்லை, ஆனால் பாட்டைக் கேட்டிருக்கிறேன் என்றார். அவருடைய முடிவை நான் மதிக்கிறேன். அவர் எழுதியிருக்காவிட்டால் நான் அந்த அத்தியாயத்தைத் திறந்திருக்கவே மாட்டேன்.

ஏப்ரல் 9

இன்று எழுதப்போவது படத்தின்மேல் எனக்குள்ள பெரிய மனத்தாங்கல். இருபது வருஷத்துக்கு மேலாக மனதில் கிடக்கிறது.

என் தம்பிக்குத் திக்குவாய். உயிரெழுத்தில் தொடங்கும் சொல் என்றால் தொண்டையிலேயே நின்றுவிடும். ஐந்தாம் வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது "உள்ளேன் ஐயா" சொல்ல வேண்டும். எழுந்து நிற்பான், கழுத்து நரம்பு புடைக்கும், "உ... உ..." என்று இழுப்பதற்குள் ஆசிரியர் அடுத்த பெயருக்குப் போய்விடுவார். பள்ளிக்குப் போன பிள்ளைக்குப் பதிவேட்டில் வரவில்லை என்று விழும். வகுப்பு சிரிக்கும். இரண்டு வகுப்பு தள்ளி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தச் சிரிப்பு கேட்கும்.

அந்த வருஷம்தான் அம்மா அவனை மடியில் போட்டுக்கொண்டு யாத்திராகமம் நாலாம் அதிகாரத்தை வாசித்துக் காட்டினார். "நான் திக்குவாயும் மந்தநாவும் உள்ளவன்." எகிப்தையே எதிர்த்து நின்ற மோசேக்கும் இதே கஷ்டம்தான் என்று அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. அந்த வரியின் கீழே சிவப்பு மையால் கோடு போட்டான். ஒரு தடவை போட்டு, திருப்தியில்லாமல் மேலேயே இன்னும் இரண்டு தடவை. தாள் பின்பக்கம் புடைத்துக்கொண்டிருக்கும். அந்தப் பைபிள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

படம் 1998 டிசம்பரில் வந்தது. எங்களுக்கு அது பிறகுதான் ஒரு விசிடியில் கிடைத்தது. இருவரும் தரையில் உட்கார்ந்து பார்த்தோம். மோசே வாய் திறந்தபோது சரளமாகப் பேசினான். கேலி பேசினான், சமாதானம் பேசினான், பார்வோன் முன்னால் நின்று ஒரு சொல் தடுமாறாமல் பேசினான். தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். படம் முடியும்வரை ஒன்றும் சொல்லவில்லை.

எரியும் முட்செடியிலிருந்து தேவன் மோசேயோடு பேசும் காட்சியை இப்போது மறுபடி ஓட்டிப் பார்த்தேன். "மனுஷனுக்கு வாயை உண்டாக்கினவர் யார்? ஊமையனையும் செவிடனையும் உண்டாக்கினவர் யார்?" என்று தேவன் கேட்பது படத்திலும் இருக்கிறது. ஆனால் அந்தப் பதிலுக்கு முந்திய கேள்வியை மாற்றிவிட்டார்கள். வேதத்தில் மோசே தன் நாவைப் பற்றி முறையிடுகிறான். படத்தில் தன் பழைய வாழ்க்கையைப் பற்றி முறையிடுகிறான்: நான் அவர்களுக்குப் பகைவனாக இருந்தவன், என் பேச்சை எப்படிக் கேட்பார்கள் என்று. திக்குவாய்க்காரனுக்குச் சொன்ன ஆறுதல் அப்படியே இருக்கிறது. திக்குவாய்க்காரன் மட்டும் இல்லை.

அதோடு ஆரோனும் போனான். வேதத்தில் ஆரோன் மூன்று வயது மூத்த அண்ணன். பார்வோன் முன்னால் நிற்கும்போது மோசேக்கு எண்பது, ஆரோனுக்கு எண்பத்துமூன்று. நன்றாகப் பேசுகிறவன். உனக்கு எதிர்கொண்டு வருகிறான், உன்னைக் காணும்போது அவன் மனம் மகிழும் என்று தேவனே சொல்லி அனுப்புகிறார். வந்து முத்தமிடுகிறான். தம்பிக்கு வாயாக இருந்தவன் அவன். படத்தில் அவன் பயந்தாங்கொள்ளியாக, மோசேயை நம்பாதவனாக வருகிறான். ராம்சேஸை அண்ணனாக்குவதற்குச் சொந்த அண்ணனைக் கழித்துவிட்டார்கள். ஏப்ரல் 5-ஆம் தேதி அந்த முறைமாற்றத்தை அவ்வளவு புகழ்ந்தேன். அதற்குக் கொடுத்த விலை இது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

ஏப்ரல் 9, பின்னிரவு

நாகூர் சகோதரர் ஒரே வரி அனுப்பியிருக்கிறார். குர்ஆனில் தாஹா அத்தியாயம், 27-ஆம் வசனம்: மூஸா நபி தன் நாவிலுள்ள முடிச்சை அவிழ்த்துவிடும்படி இறைவனிடம் கேட்கிறார். சகோதரர் ஹாரூன், அதாவது ஆரோன், தன்னைவிடத் தெளிவாகப் பேசுபவர், அவரைத் துணைக்கு அனுப்பு என்றும் கேட்கிறார்.

இரண்டு வேதத்திலும் இருக்கும் திக்குவாய், இரண்டையும் அறிந்தவர்களிடம் கேட்டு எடுத்த படத்தில் இல்லை. நாவின் முடிச்சு என்ற சொல்லைத் தம்பிக்கு அனுப்பினேன்.

ஏப்ரல் 11

தம்பி போன் செய்தான். நான் இங்கே எழுதியதை எல்லாம் படித்திருக்கிறான். கோபப்படுவானோ என்று பயந்தேன். அவன் சொன்னது வேறு.

முட்செடியிலிருந்து வரும் தேவனின் குரலும் மோசேயின் குரலும் படத்தில் ஒன்றுதான். இரண்டும் வால் கில்மர். எனக்கு இது ஒரு செய்தியாகத் தெரியும், அவ்வளவுதான். தம்பி சொன்னான்: "மனசுக்குள்ள பேசுறப்ப நான் திக்குறதே இல்லக்கா. அந்தச் செடிக் குரல் அப்படித்தான் இருக்கும்." இதைச் சொல்லி முடிக்க அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று. நான் குறுக்கே பேசவில்லை.

ஆக, படத்தில் எனக்குக் கிடைக்காததை அவன் அன்றைக்கே வேறொரு இடத்தில் எடுத்துக்கொண்டிருக்கிறான். என் மனத்தாங்கல் போகவில்லை. அது என்னுடையது, அவனுடையது இல்லை என்பது மட்டும் தெளிவாயிற்று.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

திருத்தம். முதல் குறிப்பில், கர்த்தரே பார்வோனின் இருதயத்தைக் கடினப்படுத்தினார், படம் அதைத் தொடவில்லை என்று எழுதினேன். ஒருவர் மறுத்து எழுதினார். ஏழாம் அதிகாரத்திலிருந்து பென்சிலோடு உட்கார்ந்தேன்.

முதல் ஐந்து வாதைகளில், தண்ணீர் ரத்தமாவதிலிருந்து மிருகஜீவன்கள் சாவது வரை, பார்வோனின் இருதயம் கடினப்பட்டது என்றோ அவன் தானே அதைக் கடினப்படுத்திக்கொண்டான் என்றோதான் இருக்கிறது. கர்த்தர் கடினப்படுத்தினார் என்று வாதைகளுக்கு நடுவே முதன்முதலில் வருவது ஆறாவது வாதையில், கொப்புளங்களின்போது, 9:12-இல். அப்படிச் செய்வேன் என்று முன்கூட்டியே நாலாம் அதிகாரத்தில் சொல்லியிருக்கிறார், அது வேறு. ஒருவன் தன் மனதைத் தானே ஐந்து முறை பூட்டிக்கொள்கிறான், பிறகு சாவி அவன் கையில் இல்லாமல் போகிறது. இத்தனை வருஷம் வாசித்தும் நான் இந்த வரிசையைக் கவனித்ததில்லை.

படம் முதல் பாதியை எடுத்துக்கொண்டிருக்கிறது. வாதைகள் எல்லாம் ஒரே பாட்டில் வந்துபோகும். அதில் ராம்சேஸ், என் இருதயம் கடினமாகட்டும், என்ன விலையானாலும் ஆகட்டும் என்று தன் வாயாலேயே பாடுகிறான். ராம்சேஸுக்குக் குரல் கொடுத்த ரால்ஃப் ஃபைன்ஸே பாடியும் இருக்கிறார். ஆகவே, படம் அந்தப் பக்கமே போகவில்லை என்று நான் எழுதியது தவறு. பாதி தூரம் போயிருக்கிறது.

ஏப்ரல் 14

மிரியாமைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று ஒரு சகோதரி கேட்கிறார். இரண்டாம் அதிகாரத்தில் அவளுக்குப் பெயரில்லை, "தமக்கை" மட்டும்தான். தம்பிக்கு என்ன ஆகிறது என்று பார்க்கத் தூரத்தில் நின்றாள். படத்தில் அவள் நாணலுக்குள் பெட்டியோடு கூடவே ஓடி வருகிறாள். மூன்று இயக்குநர்களில் ஒருவர் பிரெண்டா சாப்மன், ஒரு பெரிய ஹாலிவுட் ஸ்டுடியோவின் முழுநீள அனிமேஷன் படத்தை இயக்கிய முதல் பெண். அவள் ஓடுவதில் அவருடைய கை இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். தெரிந்து சொல்லவில்லை.

ஏப்ரல் 16

படத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் எது என்று கேட்டவருக்கு: கடல் பிளப்பது இல்லை. கனவு.

தான் எபிரெயன் என்று கேள்விப்பட்ட இரவு மோசே தூங்குகிறான். கனவில் அவன் எகிப்தியச் சுவரோவியம் ஆகிவிடுகிறான். முகம் பக்கவாட்டில், கண் மட்டும் நேராக, கனமில்லாத தட்டை உருவம். சுவரின் மேலேயே ஓடுகிறான். தூண் வந்தால் தூணின் மேல் வளைந்து ஓடுகிறான், மூலை வந்தால் அடுத்த சுவருக்குத் தாவுகிறான். ஓவியப் போர்வீரர்கள் ஓவியத் தாய்களின் கையிலிருந்து ஓவியக் குழந்தைகளைப் பிடுங்குகிறார்கள். வசனம் கிடையாது. விழித்து எழுந்து, பந்தத்தை எடுத்துக்கொண்டு போய், உண்மையான சுவர் முன்னால் நிற்கிறான். வெளிச்சம் மேலே போகப்போக, வரிசையாகக் குழந்தைகள் முதலைகளின் வாய்க்கு மேலே விழுந்துகொண்டிருக்கின்றன. பிறந்ததிலிருந்து அவன் ஓடி விளையாடிய அரண்மனை. அந்தச் சுவரை எத்தனை முறை கடந்திருப்பான்.

பின்னால் சேத்தி வந்து நிற்கிறார். கொடியவர் போலவே இல்லை. பிள்ளையை அணைத்துக்கொண்டு, சில நேரம் தியாகங்கள் செய்ய வேண்டியிருக்கிறது என்கிறார். அதோடு விட்டிருக்கலாம். அவர்கள் வெறும் அடிமைகள்தானே என்றும் சொல்கிறார். மோசே அந்த அணைப்பிலிருந்து விலகுகிறான். அன்பான அப்பாவின் வாயிலிருந்து இந்தச் சொல் வருவதுதான் என்னைக் கலங்கவைக்கிறது. வேதத்தில் இந்தக் காட்சி இல்லை. இருந்தாலும் முதல் அதிகாரத்தை இதைவிட நெருக்கமாக நான் எங்கும் பார்த்ததில்லை.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

பேச்சு வேறு பக்கம் போகிறது, பரவாயில்லை. நேற்று ஆராதனையில் உட்கார்ந்திருக்கும்போது இது நினைவுக்கு வந்தது. எபிரெயத்தில் மோசேயைக் கிடத்திய நாணற்பெட்டிக்கு இருக்கும் சொல் தேபா. நோவாவின் பேழைக்கும் அதே சொல்தான். வேதத்தில் இந்த இரண்டு இடத்தில் மட்டுமே அது வருகிறது. தமிழில் ஒன்று பெட்டி, ஒன்று பேழை என்று ஆகிவிட்டதால் நமக்குத் தெரிவதில்லை. இரண்டுக்கும் கீல் பூசியிருக்கிறது. இரண்டும் எல்லோரும் சாகிற தண்ணீரில் மிதக்கின்றன. படத்தில் அந்தச் சின்னப் பெட்டி முதலைக்கும் நீர்யானைக்கும் துடுப்புக்கும் நடுவே அலைபட்டுப் போவதைப் பார்த்தால் பேழை என்ற சொல்தான் பொருத்தம்.

இன்னொன்று. அவனை மறைத்த நாணலுக்கு எபிரெயத்தில் சூஃப். பின்னால் பிளந்த கடலின் பெயர் யாம் சூஃப், நாணற்கடல். குழந்தையாக நாணலுக்குள் தப்பியவன், கிழவனாக நாணற்கடல் வழியாக ஒரு ஜனத்தையே கூட்டிக்கொண்டு போகிறான்.

பெட்டியைத் தண்ணீரில் விடும்போது மோசேயின் தாய் யோகெபேத் பாடும் தாலாட்டு ஓஃப்ரா ஹாஸாவின் குரல். யேமனிலிருந்து வந்த யூதக் குடும்பத்தில் டெல் அவிவில் பிறந்தவர். பல மொழிகளில் அந்தப் பாட்டை அவரே பாடிக்கொடுத்தார். 2000 பிப்ரவரியில் இறந்துபோனார், நாற்பத்திரண்டு வயது. ஆஸ்கார் வாங்கியது வேறு பாட்டு. என் காதில் நிற்பது இந்தத் தாலாட்டு.

ஏப்ரல் 22

கடலைப் பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாக. ஆம், பிரமாதம். தண்ணீர்ச் சுவருக்குள் மின்னல் அடிக்கும்போது ஒரு பிரம்மாண்டமான மீனின் நிழல் தெரிவது எத்தனை முறை பார்த்தாலும் உடம்பைச் சிலிர்க்கவைக்கும். ஆனால் வேதத்தில் கடல் ஒரு நொடியில் பிளக்கவில்லை. "இராமுழுதும் பலத்த கீழ்காற்றினால்" ஒதுங்குகிறது. ஒரு ராத்திரி முழுவதும் காற்று. பின்னால் சேனை, முன்னால் தண்ணீர், கையில் பிள்ளை, விடியும்வரை அந்தக் காற்றின் சத்தம். அதை யாராவது படமாக எடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

மே 3

இந்த மாதம் எங்கள் சபையில் பிள்ளைகளுக்கான வி.பி.எஸ்., அதாவது விடுமுறை வேதாகமப் பள்ளி. கடைசி நாளில் இந்தப் படத்தைப் போடலாம் என்று நான்தான் சொன்னேன். இங்கே எழுதி எழுதி வந்த ஆசை. ஒரு பெற்றோர், எகிப்தின் தலைப்பிள்ளைகள் சாகும் பத்தாவது வாதையை மட்டும் வெட்டிவிட்டுப் போடுங்கள், சின்னப்பிள்ளைகள் பயந்துவிடும் என்கிறார். நியாயமான கவலை. ஆனால் அதை வெட்டினால் மீதி இருப்பது வெற்றிக்கதை மட்டும்தான்.

அந்த இடத்தைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். இரவு. வானத்திலிருந்து வெள்ளை ஒளி ஒன்று இறங்கித் தெருத்தெருவாகப் போகிறது. இசை இல்லை. மூச்சை உள்ளிழுப்பது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். ஒரு எகிப்தியப் பையன் தண்ணீர்க் குடத்தோடு வாசற்படியைத் தாண்டி உள்ளே போகிறான். அந்த மூச்சுச் சத்தம். குடம் உடைகிறது. வாசலுக்கு வெளியே அவன் கை மட்டும் விழுந்து கிடக்கிறது.

அப்புறம் ராம்சேஸ் தன் மகனைத் தூக்கிக்கொண்டு வந்து கிடத்தி, துணியால் மூடுகிறான். போகலாம் என்று அனுமதி கொடுக்கிறான். மோசே தோளைத் தொடப்போகிறான், அவன் விலக்குகிறான். வெளியே வந்ததும் மோசே சுவரில் சாய்ந்து, சரிந்து உட்கார்ந்து அழுகிறான். ஜெயித்தவன் அழுகிறான். அண்ணன் தம்பி ஆக்கியதால்தான் இந்த அழுகைக்கு இடம் கிடைத்தது. "சாவில்லாத ஒரு வீடும் இருந்ததில்லை" என்று வேதம் சொல்லிவிட்டுப் போகும் ஒரு வரிக்குள் எத்தனை வீடு இருக்கிறது என்று இங்கேதான் தெரிகிறது. ஆரோனுக்காக நான் இன்னும் வருத்தப்படுகிறேன். ஆனாலும் இந்த அழுகையை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

முடிவாக, ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைக் கைவேலை அறைக்கு அனுப்பிவிட்டு, மற்றவர்களுக்கு முழுப்படமும் போடுகிறோம்.

மே 17

நேற்று நடந்தது. நாற்பது பிள்ளைகள் இருக்கும். ஜன்னல்களில் போர்வை கட்டி இருட்டாக்கினோம். தம்பி மைக்செட் வைத்திருக்கிறான், ஸ்பீக்கரும் புரொஜக்டரும் அவனுடையதுதான். மைக்கைச் சோதிக்க மற்றவர்கள் ஹலோ ஹலோ என்பார்கள். அவன் விரலால் இரண்டு தட்டு தட்டுவான், அவ்வளவுதான். இருபது வருஷத் தொழிலில் அவன் மைக்கில் பேசி நான் கேட்டதில்லை.

படத்துக்கு முன்னால் நாலாம் அதிகாரத்திலிருந்து சில வசனங்களை வாசிக்க வேண்டும், படத்தில் விட்டுப்போனது பிள்ளைகளுக்குத் தெரியட்டும் என்று சொல்லியிருந்தேன். நான் வாசிப்பதாகத்தான் ஏற்பாடு. அந்தப் பழைய பைபிளைக் கொண்டுபோயிருந்தேன். தம்பி என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டான். பக்கத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை, புடைத்த தாள் தானாகத் திறந்தது. "ஆண்டவரே" என்ற முதல் சொல்லே உயிரெழுத்து. நின்றான். முன்வரிசையில் இரண்டு பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கினார்கள். அவன் அவசரப்படவில்லை. திக்குவாய் என்ற சொல்லுக்கு வந்தபோது அதிலும் திக்கினான். சிரித்த இருவரும் அப்போது அவனை நிமிர்ந்து பார்த்தார்கள். யாருடைய கதையை யார் வாசிக்கிறார் என்று புரிந்திருக்க வேண்டும். நான் பின்னால் ஜன்னலோரம் நின்றிருந்தேன்.

படம் ஓடியது. மூக்கு உடைந்ததற்குச் சிரித்தார்கள். கடலுக்குள் தெரிந்த மீன் திமிங்கிலமா சுறாவா என்று முடிந்த பிறகும் சண்டை நடந்தது. பத்தாவது வாதையில் சத்தம் நின்றதும் தம்பியின் கை ஆம்ப்ளிஃபையர் பக்கம் போய், பிறகு இறங்கியது. ஒரு பிள்ளையும் அழவில்லை. ஒரு பிள்ளையும் அசையவும் இல்லை.

எல்லோரும் பிஸ்கட் பொட்டலம் வாங்கிக்கொண்டு போனபிறகு ஒரு பையன் மட்டும் நின்றான். எட்டு வயது இருக்கும்.

"அக்கா, குடம் கொண்டுபோன பையன் பேரு என்ன?"

படத்தில் பேர் சொல்லவில்லை என்றேன்.

"பைபிள்ல?"

சிப்பிராள், பூவாள் என்று அம்மா நிறுத்திச் சொல்வது நினைவுக்கு வந்தது. எனக்கு வாய் எழவில்லை. ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்த தம்பி தலைநிமிர்ந்தான். "எ... எ..." என்று தொடங்கினான். பேர் எழுதவில்லை என்று அவன் சொல்லி முடிக்கும்வரை அந்தப் பையன் பொட்டலத்தைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு காத்து நின்றான்.